அழகுச்செடி அன்பர்

தமிழ்நாட்டு நகரங்களின் புறநகர் மனைப்பிரிவுகளில், சுற்றுச்சுவரின் பூச்சு காய்வதற்கு முன்பே நர்சரிக்குப் புறப்பட்டுவிடுபவர் அழகுச்செடி அன்பர். செடியின் பெயரையோ ஊரையோ அவர் கேட்பதில்லை. அதன் நடத்தையை மட்டும், பெண்ணுக்கு வரன் பார்க்கும் தகப்பனாரைப் போலத் துருவித்துருவி விசாரிப்பார். ஆடு கடிக்கக் கூடாது, பூச்சி அண்டக் கூடாது, ஆண்டு முழுவதும் பூக்க வேண்டும், வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனாலும் வாடக் கூடாது, ஒரே மழையில் தரையை மூடிவிட வேண்டும் என்பன அவருடைய நிபந்தனைகள். வேற்று நிலத்திலிருந்து வந்து, தன்னைத் தின்னும் உயிர்கள் இங்கே இல்லாமையால் கட்டின்றிப் பெருகி, உள்ளூர்த் தாவரங்களின் இடத்தைப் பறித்துக்கொள்வதை 'ஆக்கிரமிப்புத் தாவரம்' என்பர் சூழலியலாளர். அன்பர் கேட்பதும் ஏறக்குறைய அதையேதான் என்று எடுத்துச்சொல்ல நர்சரிக்காரருக்கு வியாபார முகாந்திரம் எதுவும் இல்லை.

அன்பரின் குலம் பழமையானது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வெப்பமண்டலத்து உண்ணிச்செடியைக் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்தவர்கள் அதன் பூக்களுக்காகவே கொண்டுவந்தனர். இன்று அது முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் யானைக்குரிய புல்லை முளைக்கவிடாமல் புதராக மண்டிக் கிடக்கிறது. ஆகாயத்தாமரையும் குளத்துக்கு அழகு என்றே வங்காளத்தில் இறங்கியது. அழகுக்கும் விறகுக்குமாக நீலகிரிப் பகுதியில் நடப்பட்ட அயல்நாட்டு மஞ்சள் கொன்றையை (இது நம் சரக்கொன்றை அன்று) வெட்டிக் காகிதக்கூழாக்கும் பணியில், தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனமே இறங்க வேண்டியதாயிற்று.

இக்கால அன்பரின் மனங்கவர்ந்தது வெடிலியா. ஆளைப் பார்த்து மஞ்சள் கரிசலாங்கண்ணி என்றும் இது விற்கப்படுவதுண்டு, உண்மையான கரிசலாங்கண்ணி வேறாயினும். தரையில் படும் கணுவிலெல்லாம் வேர்விடும் இக்கொடி நடைபாதையை எட்டியதும், தூய்மை விரும்பியான அன்பர் அதை நறுக்கிச் சுவருக்கு அப்பால் ஏரிக்கரையில் வீசுகிறார். அவர் கணக்கில் அது குப்பை, கொடியின் கணக்கில் குடியேற்றம்.

சொட்டு நீரும் ஊற்றாத கரட்டில் பூக்கும் ஆவாரையையும், ஆடு மாடு கடிக்காத நொச்சியையும், கொத்துச் சிவப்பாய்ப் பூக்கும் வெட்சியையும் பரிந்துரைத்தால் அவர் முகம் சுளிப்பார். புறம்போக்கில் இலவசமாக வளர்வது அவருக்குத் தோட்டச்செடியாகாது. ஆயினும் பொங்கலுக்குக் காப்புக் கட்ட அதே ஆவாரம்பூவைச் சந்தையில் பேரம்பேசி வாங்கிவருபவரும் அவரே.

அயல்செடிகள் அனைத்தையும் பிடுங்கும்படி அவரை வற்புறுத்துவது நியாயமன்று; தென்னமெரிக்கக் காகிதப்பூ வேலிக்குள்ளேயே அடங்கியிருப்பதால் தாராளமாக இருக்கலாம். வெடிலியா மட்டும் போகட்டும்: தரையை மூடும் அதே வேலையை உள்ளூர்ப் பொடுதலை செய்யும், பட்டாம்பூச்சிக்குத் தேன் தரும், துவையலுக்கும் ஆகும்.