டேமேஜ் இல்லாத ஊர்

திருப்பூரில் ஒரு பனியனில் தையல் விட்டுப்போனால் தப்பிக்க வழியே கிடையாது. ஜெர்மனியில் இருக்கும் பையர் அட்டைப்பெட்டி நம்பரைச் சொன்னால் போதும். எந்த யூனிட், ஓவர்லாக்கில் உட்கார்ந்திருந்தது யார், செக்கிங்கில் கோட்டைவிட்டது யார் என்று சாயங்காலத்துக்குள் பிடித்துவிடுவார்கள். கூலியிலும் கழித்துவிடுவார்கள். அவ்வளவு நாணயமான ஊர்.

அதே செக்கிங் டேபிளில் ஏழு மாத வயிற்றோடு ஒன்றரை ஷிப்ட் நின்றவள் பிள்ளைப்பேற்றில் செத்துப்போனால்? அவளுக்குத்தான் பெட்டி நம்பர் கிடையாதே.

ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால் எத்தனை தாய்மார் சாகிறார்கள் என்று அரசு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 2018-20ல் இந்தியா 97, தமிழ்நாடு 54. கிராமச் செவிலியர்கள் வெயிலில் அலைந்து சம்பாதித்த எண் அது. அவர்களைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். மேடையில் அதைச் சொல்லிச் சால்வை வாங்குகிறவர்கள் வேறு ஆட்கள். சாம்பிள் எடுத்துப் போடும் அந்தக் கணக்கு மாநிலத்துக்குத்தான் எண் தரும், அதுவும் மூன்று வருஷத்தை ஒன்றாகக் கட்டி. திருப்பூர் எவ்வளவு என்று அதில் தேடினால் கிடைக்காது. முதலாளிமாருக்கு எத்தனை நிம்மதி!

இன்னும் பெரிய நிம்மதி ரயிலில் இருக்கிறது. லைன் வீட்டில் குடியிருக்கும் ஒடிசாப் பெண், நாள் நெருங்கினால் ஊருக்குக் கிளம்பிவிடுகிறாள். ரத்தசோகையை வளர்த்தது இங்கே. உயிர் அங்கே போனால், 1969ஆம் வருஷத்துச் சட்டப்படி சாவு நடந்த இடத்தில்தான் பதிவு. சரக்கு தூத்துக்குடி வழியாக, சாவு தன்பாத் எக்ஸ்பிரஸ் வழியாக. நம் ஏற்றுமதி ஒருநாளும் நிற்பதில்லை. அதே 2018-20 கணக்கில் ஒடிசா 119. "அங்கெல்லாம் அப்படித்தானுங்க, விழிப்புணர்வு பத்தாது" என்று உச்சுக்கொட்டிவிட்டு, அவள் இடத்துக்கு வேறு ஆள் கேட்டு ஏஜென்ட்டுக்குப் போன் போடுகிறோம்.

பேறுகாலத்துக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1961லேயே போட்டாயிற்று, 2017ல் திருத்தி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்றும் ஆக்கினார்கள். முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பீஸ் ரேட்டில் வந்தவளின் 80 நாளுக்கு யார் சாட்சி? கம்பெனியில் கேட்டால் கான்ட்ராக்டரைக் கைகாட்டுவார்கள். அவரோ, "அந்தப் பொண்ணு போன மாசமே நின்னுருச்சுங்களே" என்பார். பேறுகாலம் நெருங்கியவள் கேட்டுக்கொண்டால் அவளை நெடுநேரம் நிற்கவைக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறது. யாரிடம் கேட்பது? ஷிப்மென்ட் நாளில் பாத்ரூம் போனதற்கே கடிகாரத்தைப் பார்க்கிற சூப்பர்வைசரிடம்!

ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும். ஆடிட் நாளன்று ஒரு கம்பெனியில் அதைப் பார்த்தேன். சுவரில் மிக்கி மவுஸ், தரையில் புதுப் பாய், நடுவில் ஆபீஸ்காரர் ஒருவரின் மகன். அவன் ஸ்கூல் யூனிஃபார்மில் இருந்தான். ஆடிட்டர் டிக் அடித்துவிட்டு, நாட்டுக்கோழிக் குழம்பு பிரமாதம் என்று சொல்லிப் போனார். பொம்மைகள் அன்றைக்கே பிளாஸ்டிக் கவருக்குள் திரும்பிவிட்டன. அடுத்த வருஷ ஆடிட்டுக்கும் வேண்டுமே.