மச்சானிடம் இருக்கும் சாவி: திருக்கோவிலூரில் வீடு காட்டும் முறைமை குறித்து ஓர் ஆய்வு

திருக்கோவிலூரில் ஒரு வீடு விலைக்கு வந்துவிட்டால் முதலில் அதன் சாவி காணாமல் போகும். வீடு இருக்கும், பூட்டு இருக்கும், விற்கிற எண்ணமும் இருக்கும். சாவி மட்டும் மச்சானிடம் இருக்கும். மச்சான் விழுப்புரம் போயிருப்பார். அவர் எப்போது திரும்புவார் என்பது கேட்டு வந்தவர் யார் என்பதைப் பொறுத்தது. சிலருக்கு ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறார், சிலருக்கு வருவதேயில்லை. அன்னாரின் போக்குவரத்தை முறைப்படி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்துறையில் முன்னோர் விட்டுச் சென்றது சொற்பம். மனையடி சாஸ்திரம் இத்தனை அடிக்கு இன்ன பலன் என்று சொல்லும். வாஸ்து, அடுப்பை அக்னி மூலையில் வை என்னும். 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் இன்னும் கொஞ்சம் தூரம் போகிறது. சொத்தில் கண்ணுக்குத் தெரியாத குறை இருந்து, அது தனக்குத் தெரிந்தும் இருந்தால், விற்பவர் அதை வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும். கேட்டால் பத்திரங்களை எடுத்துக் காட்ட வேண்டும் என்கிறது அதன் 55-ஆம் பிரிவு. ஆனால் யாரை வாசற்படி தாண்ட விடலாம் என்பது பற்றி மூன்றும் மூச்சு விடவில்லை. இந்தக் குறையைப் போக்க நான் முன்வந்ததற்கும், எங்கள் வீட்டில் விற்க ஒரு வீடு இருப்பதற்கும் தொடர்பு உண்டு என்று ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஆய்வுக் களம்

எங்கள் வீட்டுக்கு எதிர்வாடையில் தாத்தாவின் ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், பின்கட்டு, கிணறு. இது சற்று விசித்திரமான வீடு. இருந்த இடத்தைவிட்டு அசையாமலே மூன்று மாவட்டம் பார்த்துவிட்டது. மூலப்பத்திரத்தில் அது தென்னாற்காட்டில் இருக்கிறது. 1993-இல் விழுப்புரத்துக்குக் குடிபோனது. 2019-இல் கள்ளக்குறிச்சிக்கு. தாத்தா காலமாகிப் பல வருடம் ஆகியும் பட்டா மட்டும் அவர் பெயரிலேயே இருக்கிறது, அவர் மேல் உள்ள மரியாதையால்.

காட்டுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பவர் அப்பா. நான் தரவு சேகரிப்பாளன், அதாவது டம்ளர் எடுத்து வருபவன். டம்ளரை லேசாக நினைக்கக் கூடாது. இந்த ஆய்வின் அளவுகோலே அதுதான். வந்தவருக்கு வாசலில் தண்ணீர், திண்ணையில் மோர், கூடத்தில் காபி. மோரில் நின்றவர் காபிக்கு ஏறியதுண்டு. தண்ணீரில் நின்றவர் ஏறியதில்லை. வந்தவர்களைப் பற்றி அப்பா ஒரு பழைய டைரியில் ஒரு வரி எழுதி வைப்பார். “வேட்டி சுத்தம். கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை.” “பேச்சு அதிகம். விலை கேட்கவில்லை.” “மனைவி அடுப்படியில் மூக்கைச் சுளித்தாள்.” இந்த டைரியே நமது முதன்மைச் சான்று.

காலம்

ஆடியில் காட்டுவதில்லை. மார்கழியில் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் காட்டலாம், ஆனால் அப்போது கூடத்தின் வடகிழக்கு மூலையில் ஓடு ஒழுகும். 55-ஆம் பிரிவு சொல்லச் சொல்லும் குறை இதுதான் என்பதால், சட்டத்தோடு மோதாமல் இருக்க அப்பா மழைக்காலத்தையே ஒதுக்கிவிட்டார். மிச்ச மாதங்களில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு சாயங்காலம்தான் ஒழியும். ஞாயிறு நாலரை முதல் ஆறு வரை ராகு காலம்.

ஊரின் முன்னுதாரணங்கள்

யாரை உள்ளே விடுவது என்ற கேள்வியில் திருக்கோவிலூருக்கு உள்ள அனுபவம் வேறு ஊருக்கு இருக்க முடியாது. கீழையூரில் வீரட்டேசுவரர் கோயில் கொண்ட இந்த ஊரை ஆண்டவர் மெய்ப்பொருள் நாயனார். உடம்பெல்லாம் திருநீறும் கையில் ஏட்டுக் கட்டுமாக முத்தநாதன் வந்தான். மற்ற வாசல்களில் யாரும் தடுக்கவில்லை. பள்ளியறை வாசலில் தத்தன் மட்டும், அரசர் உறங்குகிறார், நேரம் பார்த்து வாரும் என்று நிறுத்திப் பார்த்தான். வந்தவன் கேட்கவில்லை. ஆகமம் என்று சொன்ன கட்டுக்குள் இருந்தது கத்தி. உயிர் போகிற நேரத்திலும் நாயனார், அவனை ஒருவரும் தொடாமல் ஊர் எல்லை வரை கொண்டுபோய் விடும்படி தத்தனிடமே சொன்னார். நாயனாரின் பெருமையை ஊர் கொண்டாடுகிறது. அப்பா கட்சி தத்தனுடையது. கக்கத்தில் ஃபைலோடு வருகிற யாரைக் கண்டாலும் அவர் கண் முகத்துக்குப் போகாது, ஃபைலுக்குத்தான் போகும்.

அடுத்தது உலகளந்த பெருமாள். பார்வைக்குச் சின்னப் பார்ட்டி. கேட்டது மூன்றடி. மகாபலி சக்கரவர்த்தி சரி என்றார். விற்பவர் தரப்பு வக்கீலான சுக்கிராச்சாரியார் மட்டும் ஆளைக் கண்டுகொண்டு தடுத்தார். வண்டாகிக் கமண்டலத்தின் மூக்கை அடைத்ததில் ஒரு கண் போனதுதான் மிச்சம். வாங்க வருகிறவரின் வசதியை ஆளைப் பார்த்து எடை போட முடியாது என்பதற்கு ஊர் நடுவில் இவ்வளவு பெரிய சாட்சி நிற்கும்போதும், டிவிஎஸ் ஐம்பதில் வந்தவருக்குத் தண்ணீரும் காரில் வந்தவருக்கு மோரும் என்ற வழக்கம் எங்கள் தெருவில் மாறவில்லை. ஆனால் டேப்பை எடுத்து அளக்கிறவரைக் கண்டால் மட்டும் எல்லோரும் உஷாராகிவிடுகிறார்கள்.

தரகு வரலாற்றில் கபிலரைச் சொல்லாமல் விட முடியாது. பாரி இறந்த பிறகு அவன் மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் போய் நின்றார். இருவரும் கை விரித்தார்கள். பெண்ணையாற்றில் இன்றும் கபிலர் குன்று இருக்கிறது. கமிஷன் வாங்காமல் இவ்வளவு அலைந்த தரகர் இந்த வட்டாரத்தில் அவருக்குப் பின் பிறக்கவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய முன்னுதாரணத்தை அப்பாவே சொல்வார். காபித் தகுதி பெற்றவர்களை எதிர்வீட்டு ரேழிக்கு அழைத்துப் போய், நடுவில் நிற்க வைத்து, பத்து நிமிடம் சொல்வார். மிருகண்டு முனிவர் ஆசிரமத்து இடைகழி. நல்ல மழை, கும்மிருட்டு. பொய்கையார் வந்து படுத்தார். பூதத்தார் வந்து கதவைத் தட்ட, ஒருவர் படுக்கிற இடத்தில் இருவர் உட்காரலாமே என்று எழுந்து இடம் விட்டார். பேயாரும் வர, மூவர் நிற்கலாமே என்று எழுந்து நின்றார்கள். ஒருவர் காஞ்சி, ஒருவர் கடல்மல்லை, ஒருவர் மயிலை. நாலாவதாக யாரோ வந்து நெருக்க, யார் என்று பார்க்கப் பாட்டாலேயே விளக்கேற்றினார்கள். ஆளுக்கு நூறு பாட்டு. “எல்லாம் இந்த மாதிரி ஒரு ரேழியிலதாங்க” என்று முடிக்கும்போது அப்பாவின் குரல் தழுதழுக்கும். இந்தக் கதைக்காகவே விலையில் ஐம்பதாயிரம் ஏற்றி வைத்திருக்கிறார் என்பது என் ஊகம். ஆனால் கதையைப் பொய்யாகச் சொல்பவரில்லை அவர். இருட்டில் வந்தவரை யாரும் எந்த ஊர் என்று கேட்கவில்லை என்ற இடத்தை ஒருநாளும் விட்டதில்லை.

வினா நிரல்

அப்பா மூன்று கேள்வி கேட்பார். எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்? அங்கே இன்னாரைத் தெரியுமா? பணம் பற்றி ஒரு கேள்வியும் இல்லாததை ஆய்வுலகம் கவனிக்க வேண்டும். முதல் கேள்வி பூகோளம். மூன்றாவது சரிபார்ப்பு. நடுக்கேள்விதான் சாவி. வெளியூர் ஆய்வாளர் ஒருவர் இதைக் கேட்டால் வடக்கா தெற்கா என்ற விசாரணை என்று நினைப்பார். எங்கள் பக்கத்தில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் இதற்குத் திசை விடையாகாது என்று தெரியும். ஊர் என்றும் அதற்கு வெளியே வேறொரு பெயரிலும் கிராமங்கள் இரண்டாகக் கிடக்கிற நாட்டில், “எந்தப் பக்கம்” என்பது மரியாதைக்குக் குறைவில்லாமல் கேட்கப்படும் மரியாதை இல்லாத கேள்வி.

ஒரு சனிக்கிழமை காலை பைக்கில் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். இருவரும் அரசு வேலை. ராகு காலம் ஒன்பதுக்குப் பிடிக்கும் என்று எட்டரைக்கே வந்திருந்தார்கள். வங்கிக் கடனுக்கு ஏற்பாடு ஆகியிருந்தது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று ஒரு தாளில் கூட்டி வைத்திருந்தார்கள். வில்லங்கச் சான்றை ஆன்லைனிலேயே போட்டுப் பார்த்திருந்தார்கள். “பட்டா இன்னும் பெரியவர் பேர்லதான் இருக்கு, அத மட்டும் மாத்திக் குடுத்துட்டீங்கன்னா போதும்ங்க ஐயா” என்றாள் அந்தப் பெண். இதுவரை வந்தவர்களில் வாங்குவதற்காக வந்தவர்கள் என்று நான் கருதுவது இவர்களை மட்டும்தான்.

அப்பா கேட்டார். “எந்த ஊருங்க?”

அவர் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சொன்னார்.

“அங்க எந்தப் பக்கம்?”

“ஆத்துப் பக்கம்ங்க.”

“ஆத்துக்கு எந்தக் கரை?”

“ரெண்டு கரையும் பழக்கம்தாங்க” என்று சிரித்தார் அவர். அப்பா சிரிக்கவில்லை. திண்ணையில் உட்காரச் சொல்லவும் இல்லை. அம்மா தண்ணீர் கொண்டு வந்தாள். வழக்கமாகச் சொம்பில் வரும். அன்று கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பாட்டிலில் வந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. களத்தில் நடப்பதில் ஆய்வாளன் தலையிடக் கூடாது என்பது முறையியலின் பாலபாடம்.

“சாவி மச்சான்கிட்ட இருக்குங்க. அவரு விழுப்புரம் போயிருக்காரு.”

சாவி அப்பாவின் இடுப்பில், அரைஞாண் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. பித்தளைச் சாவி, ஒரு சாண் நீளம். அந்தப் பெண் அதைப் பார்த்தாள். பிறகு எதிர்வீட்டு ஓட்டைப் பார்த்தாள். பாட்டிலை மூடி திறக்காமலே திண்ணை ஓரத்தில் வைத்துவிட்டு வண்டியில் ஏறினாள். ரேழிக் கதை அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. டைரியில் அன்றைய வரி: “சாமர்த்தியம் ஜாஸ்தி.”

அன்று ராத்திரி சாப்பாட்டில் கேட்டேன். “எனக்கு ஒண்ணும் இல்லப்பா. யாரா இருந்தா என்ன, பணந்தானே. நாளைக்குத் தெருவுல நாலு பேரு கேப்பாங்க இல்ல?” என்றார். இந்த நாலு பேர் யார் என்பதைத் தனி ஆய்வாகவே மேற்கொண்டேன். தெருவில் அப்பாவைக் கேள்வி கேட்கிற வயதும் தோரணையும் உள்ளவர்கள் நால்வர்தான். ஒருவர் போன தையில் காலமாகிவிட்டார். ஒருவர் பெங்களூரில் பேரனைப் பார்த்துக்கொள்கிறார். மூன்றாமவர் வீட்டை எப்போதோ விற்றுவிட்டு, யாருக்கு விற்றார் என்று சொல்லாமலே போய்விட்டார். நாலாமவர் அப்பா.

சோதனை

எந்தக் கருதுகோளையும் வேறொரு களத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பார்கள். எனக்கு வேலை விழுப்புரத்தில். வாடகை கட்டி மாளவில்லை என்று சின்னதாக ஒரு வீடு பார்க்கப் போனேன். வாசலில் வேப்பமரம், கீழே கயிற்றுக் கட்டில், கட்டிலில் அப்பா வயதில் ஒரு பெரியவர்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“திருக்கோவிலூருங்க.”

“நல்ல ஊரு. பெருமாள் ஊரு. அங்க எந்தப் பக்கம்?”

சரியான விடை எனக்குத் தெரியும். அப்பா பேரையும் தெருப் பேரையும் சொன்னால் போதும், கட்டிலில் இடம் கிடைக்கும். உள்ளே டவரா சத்தம்கூடக் கேட்டது. நாக்கு நுனி வரை வந்தது.

“ஆத்துப் பக்கம்ங்க” என்றேன்.

அவர் என் முகத்திலிருந்து செருப்பு வரை ஒருமுறை போய் வந்தார். தலையணைக்கு அடியிலிருந்து சாவிக் கொத்தின் வளையம் துருத்திக்கொண்டிருந்தது. கையை மெதுவாக அதன் மேல் வைத்தார்.

“சாவி மச்சான்கிட்ட இருக்கு தம்பி. அவரு திருக்கோவிலூர் போயிருக்காரு.”