வடகோடிக்கு வீட்டோடு ஒரு பயணம்

கே: கேம்பர் வேனில் கனடாவின் வடகோடிவரை நாங்களே ஓட்டிப் போக ஆசை. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், ஸ்கார்பரோ

ப: வாடகைப் பத்திரத்தை! வடக்கே போகும் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையில் ஓட்டக்கூடாது என்று வேனை வாடகைக்கு விடுபவர்கள் பலர் அதிலேயே எழுதிவிடுகிறார்கள். டாசன் நகருக்கு அருகே பிரிந்து இனுவிக் போகும் அந்தச் சாலை சுமார் 740 கி.மீ.; பெரும்பாலும் சரளை. கூரான கற்கள் டயரைத்தான் முதலில் நலம் விசாரிக்கும். ஸ்டெப்னி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். 369-ஆவது கி.மீ.யில் ஈகிள் பிளெய்ன்ஸ் வரும். அங்கே டேங்கை நிரப்பாமல் நகராதீர்கள். வழியில் குறுக்கிடும் பீல், மெக்கன்சி ஆறுகளில் கோடையில் வண்டியோடு படகேறலாம், குளிரில் உறைந்த ஆற்றின் மேலேயே ஓட்டலாம். இரண்டுக்கும் இடைப்பட்ட வாரங்களில் வழியே இல்லை. சாப்பாட்டை வெளியே வைக்காதீர்கள், கரடி அழையாமலே வரும். ஆகஸ்ட் கடைசியில் கிளம்புங்கள்: கொசு குறைந்திருக்கும், தூந்திரம் செக்கச்செவேலென்று சிவந்திருக்கும்.