வாசற்படிக் கையொப்பவியல்: ஒரு முன்னோட்ட ஆய்வு

வாசற்படிக் கையொப்பவியலுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் இதுவரை தனித் துறை தொடங்கவில்லை. கல்வெட்டில் அரை எழுத்து சிதைந்திருந்தால் மூன்று பேராசிரியர்கள் மூன்று கட்டுரை எழுதுகிறார்கள். நாம் இல்லாத நேரத்தில், நம் வாசலில், நம் பெயரில் தினமும் இடப்படும் கையொப்பங்களைப் படித்துச் சொல்ல ஓர் ஆள் இல்லை. அந்தக் குறையைப் போக்க எழுந்தது இக்கட்டுரை. ஆய்வெல்லை: சென்னை மாநகர அடுக்ககங்கள். ஆய்வுப் பொருள்: 'பெறுநர் கையெழுத்து அவசியம்' என்ற நிபந்தனையோடு அனுப்பப்படும் உறை, பொட்டலம், பெட்டி. பிரியாணிக்கு இங்கே இடமில்லை. அதை வாங்க யாரும் வீட்டில் இல்லாமல் போனதாகச் சான்று இல்லை.

முதலில் மூலச் சான்றுகள். முன்பெல்லாம் கூரியர் தம்பியின் கையில் அட்டையில் கிளிப் போட்ட ரன் ஷீட் இருக்கும். வரிசை எண், பெயர், கையெழுத்து, போன் நம்பர் என்று கட்டம் கட்டியிருக்கும். அதைக் கையில் வாங்கி மெதுவாகப் பேனாவைத் தேடினால், மூன்றாம் மாடிக்காரருக்கு எந்த வங்கியிலிருந்து கடிதம் வருகிறது என்பதுவரை தெரிந்துகொள்ளலாம். அவ்வரிய ஆவணத்தின் இடத்தை இப்போது செல்பேசி பிடித்துவிட்டது. திரையின் ஓரத்தில் விரிசல், மேலே ஒட்டிய கண்ணாடிக்குள் காற்றுக் குமிழி, வெயிலில் வெளிறிப்போன வெளிச்சம். இரண்டு விரல் அகலக் கட்டத்துக்குள் ஆள்காட்டி விரலால் கையெழுத்துப் போடச் சொல்வார். ஐம்பது வருடமாகக் காசோலையில் புள்ளி பிசகாமல் கையெழுத்திட்டு வரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் அந்தக் கட்டத்தில் முறுக்குத்தான் பிழிகிறார்.

இதிலிருந்து பெறப்படும் முதல் முடிவு: இவ்வகை ஆவணத்தில் அசலும் போலியும் பார்வைக்கு ஒன்றே. ஆகவே போலி இடுபவருக்குத் திறமை தேவையில்லை. சிக்கல் வரும்வரை இதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லையாதலால் பயமும் தேவையில்லை.

இனி வகைமை. பெறுநர் இடாத ஒப்பம் நால்வகைப்படும். தம்பியே தன் விரலால் நம் பெயரைக் கிறுக்குவது தற்செய் ஒப்பம். பெயரே இல்லாமல் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுவது கோட்டொப்பம். பக்கத்து வீட்டு அக்கா இடுவது அயலொப்பம். இம்மூன்றும் வெளிப்படை, உரை வேண்டா. நான்காவதாகிய காவலொப்பத்துக்கே விரிவுரை தேவைப்படுகிறது.

காவலொப்பமாவது, வாட்ச்மேன் அண்ணன் அடுக்ககம் முழுமைக்கும் ஒரே கையால் இடுவது. ஒரு குடியிருப்பாளர்கூட அவருக்கு அதிகாரக் கடிதம் எழுதிக் கொடுத்ததில்லை. ஆனாலும் பாஸ்போர்ட் முதல் பால் குக்கர் வரை அவர் ஏற்றுக்கொண்டால் நாம் ஏற்றுக்கொண்டதாகிறது. பெற்ற பொருள் மேசைக்கு அடியில், மோட்டார் ரூம் சாவிக்கும் அவருடைய சாப்பாட்டுக் கேரியருக்கும் நடுவே போய்ச் சேர்கிறது. பகல் ஷிப்ட் அண்ணன் வாங்கி வைத்தது இரவு ஷிப்ட் அண்ணனுக்குத் தெரியாது. இருவருமே ஏஜென்சி ஆட்கள், அடுத்த மாதம் வேறு கேட்டில் நிற்பார்கள். "சார், செக்யூரிட்டிட்ட குடுத்துட்டேன் சார்" என்ற வாக்கியத்தை வரலாற்று ஆவணமாகக் கொள்ளலாமே தவிர, பொருள் கிடைத்ததற்கான சான்றாகக் கொள்ளுதல் ஆகாது.

தம்பி ஏன் இப்படிச் செய்கிறார்? சோம்பேறித்தனம் என்பது குடியிருப்போர் சங்கக் கூட்டத்தின் ஒருமனதான கருத்து. ஆய்வு அதை ஏற்கவில்லை. கூரியர் தம்பிகளில் பலருக்குக் கூலி பொட்டலக் கணக்கில். பூட்டிய வீட்டுக்கு வந்து திரும்பினால் பெட்ரோல் போனது போனதுதான். மறுநாள் அதே பொட்டலம் புதுச் சுமையோடு சேர்ந்து மீண்டும் பையில் ஏறும். டெலிவரி ஆகாதவை கூடினால் ஹப்பில் பேச்சு வாங்க வேண்டும். இவ்வளவுக்கும் மேலே, லிஃப்ட் பக்கத்தில் லேமினேட் செய்து ஒட்டிய ஓர் அறிவிப்பு: டெலிவரி ஆட்கள் படிக்கட்டைப் பயன்படுத்தவும். நான்காவது மாடிக்கு ஏறிப் பெல் அடித்தால், உள்ளே உறங்குபவர் போனை எடுத்துச் சொல்வார்: "கீழ வச்சிட்டுப் போப்பா, கையெழுத்து நீயே போட்டுக்க." ஆக, தற்செய் ஒப்பத்தில் கணிசமானவை கூட்டுப் படைப்புகள். இணையாசிரியர் பெயர் எங்கும் வராது, அவ்வளவே.

2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றில் இந்தக் கூட்டுப் படைப்பு சில இடங்களில் விதியாகவே உயர்ந்தது. பிரிட்டனின் ராயல் மெயில் பெறுநரிடம் கருவியை நீட்டுவதை நிறுத்தி, பெயரைக் கேட்டு ஊழியரே பதிந்துகொள்ளச் செய்தது. நோய்க்கு அஞ்சிச் செய்தது அது. நம் ஊரில் நான்காவது மாடிக்கு அஞ்சிச் செய்வது அதற்கு மூத்தது.

இனி இதனால் வரும் கேடுகள். குக்கர் காணாமல் போவது சிறு கேடு. பெருங்கேடு காகிதத்தில் வரும். ஒருவர் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பினால், வங்கித் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அவருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணத்தைக் கட்டிவிட்டால் வழக்கு இல்லை. கட்டாவிட்டால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு, 2 ஆண்டு வரை சிறை. அந்த 15 நாள் என்றைக்குத் தொடங்குகிறது? கையெழுத்து விழுந்த நாளில். யார் கையெழுத்து என்று நாட்காட்டி கேட்பதில்லை. சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினால், மாறாக நிரூபிக்கப்படாதவரை அது போய்ச் சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது 1897ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டம், 27ஆம் பிரிவு. நல்லவேளையாக, 2007இல் அலவி ஹாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி சொன்னது: நோட்டீஸ் வரவே இல்லை என்பவர், சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டு வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். வாட்ச்மேன் அண்ணன் மேசைக்கடியில் மறந்துபோன உறைக்காகக் கோர்ட்டு வரை போக வேண்டியிருக்கிறது என்பதைக் கவனிக்க.

மாறாக நிரூபிப்பது எப்படி என்பதுதான் நுட்பமான இடம். மணிமேகலையில் அளவைவாதி சொல்லும் அளவைகளுள், அதாவது அறியும் வழிகளுள், அபாவமும் ஒன்று, அதாவது இன்மையை அறிதல். வாசலில் பார்த்தோம், பொட்டலம் இல்லை, ஆகவே வரவில்லை. அளவைவாதி இதை ஏற்றிருப்பார். கஸ்டமர் கேர் ஏற்பதில்லை. அங்கே ஒரே ஓர் அளவைதான் உண்டு: "சிஸ்டத்துல டெலிவர்டுனு காட்டுது சார்." வந்ததற்குத் திரையில் கிறுக்கல் இருக்கிறது, வராததற்கு நம் வாய் மட்டும் இருக்கிறது. பொருளை விற்றவரின் நிலையும் இதுவே. வாடிக்கையாளர் பொய் சொல்கிறாரா, தம்பி கிறுக்கினாரா என்று அந்தக் கோட்டைப் பார்த்து அவராலும் சொல்ல முடியாது.

மூன்றாவதாகக் கெடுபவர் தம்பி. பாரதிய நியாய சன்ஹிதாவின் 336ஆம் பிரிவு, கெட்ட நோக்கத்தோடு போலி ஆவணம் புனைந்ததாக நிறுவப்பட்டால் 2 ஆண்டு வரை சிறை என்கிறது. நோக்கம் கெட்டதல்ல, நான்கு மாடிதான் என்று அவர் வாதிடலாம். ஆனால் பொட்டலத்தில் செல்போன் இருந்து, அதுவும் காணாமல் போயிருந்தால், படிக்கட்டைப் பற்றிய அவ்வாதம் எடுபடாது. நிறுவனமோ, அவர் எங்கள் ஊழியரே அல்லர், ஒப்பந்ததாரரின் ஆள் என்று ஒரே வரியில் கைகழுவிவிடும்.

தடை: ஓடிபி வந்துவிட்டதே, இனிக் கையொப்பவியல் எதற்கு?

விடை: எண்ணைப் போனில் வாங்கிக்கொண்டு பொருளைக் கேட்டில் வைத்துவிட்டுப் போகிற வழக்கத்தைத் தடைகூறுவார் அறியார். முன்பு தம்பி நம் கையெழுத்தைப் போட்டார், இப்போது நாமே வாயால் போட்டுக் கொடுக்கிறோம். போலி என்று பின்னர் சொல்லவும் வழியில்லை. டெலிவரி ஆள் போலப் பேசி எண்ணைக் கேட்டு வாங்கும் மோசடிக்காரர்களும் இந்தப் பழக்கத்தின் மேல்தான் பிழைக்கிறார்கள்.

விலை பற்றியும் ஒரு குறிப்பு வேண்டும். 2025 செப்டம்பர் 1 முதல் உள்நாட்டுப் பதிவுத் தபால் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டது. அக்டோபரிலிருந்து 'பதிவு' என்பது விரைவு அஞ்சலின் மேல் கேட்டுப் பெறும் கூடுதல் சேவை: உரியவரிடமோ அவர் அதிகாரம் அளித்தவரிடமோ கொடுக்க 5 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஓடிபி சொன்னால்தான் கொடுக்க வேண்டும் என்றாலும் அதே 5 ரூபாய். இந்த ஐந்து ரூபாயில் படி ஏறுகிறவருக்கு எவ்வளவு என்று கட்டண அட்டவணையில் தேடிப் பார்த்தேன். அதற்குக் கட்டம் இல்லை.

பெற்றவர் யார் என்று உறுதிசெய்வதில் பழைய மணியார்டர் முறை விவரமாக இருந்தது. எழுதத் தெரியாத பாட்டி கைநாட்டு வைத்தால், பக்கத்தில் நின்ற ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். தபால்காரர் காபிக்காசு எடுத்துக்கொண்டிருக்கலாம், அது வேறு ஆய்வு. ஆனால் திண்ணையில் மூன்று பேர் இருந்தார்கள், மூவரில் ஒருவருக்காவது நடந்தது நினைவிருந்தது.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். 'டெலிவர்டு' என்று குறுஞ்செய்தி வந்து பொருள் கைக்கு வராவிட்டால், அன்றே எழுத்தில் புகார் செய்து பி.ஓ.டி., அதாவது பொருளை ஒப்படைத்ததற்கான சான்றின், நகலைக் கேளுங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது. பொருள் கையில் ஏறுமுன் ஓடிபி சொல்லாதீர்கள். சங்கக் கூட்டம் அடுத்து எப்போது என்று பார்த்து, அந்த லிஃப்ட் அறிவிப்பைக் கழற்றச் சொல்லுங்கள்.