லிட்டன் பிரபுவுக்கு ஒரு பாராட்டு

எங்கள் ஊரான கீழ்பென்னாத்தூருக்குக் கிழக்கே செஞ்சிக் கோட்டை. 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி பிடித்தார், 1761இல் ஆங்கிலேயர் பிடித்தனர். மேற்கே திருவண்ணாமலை. 1767 செப்டம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி ஜோசப் ஸ்மித்தின் படை அங்கேதான் ஹைதர் அலியையும் நிஜாமையும் பின்வாங்க வைத்தது. அந்தப் படையில் துப்பாக்கி பிடித்தவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்கள். கம்பெனிக்காகக் குறிபார்த்தவரை அந்தக் கைகளில் யாரும் குறை காணவில்லை. அந்தக் கைகளின் அருமையை முழுதாக அறிந்தவர், லிட்டன் பிரபுவே, நீங்கள்தான்.

அறியாமலா 1878 மார்ச்சில் ஆயுதச் சட்டம் போட்டீர்கள்? தாது வருஷப் பஞ்சம் சென்னை ராஜதானியை உருக்குலைத்திருந்த நேரம். கஞ்சித்தொட்டி முன்னால் எலும்பும் தோலுமாக நின்றவன் நிமிரக்கூட முடியாமல் இருந்தான். அவன் நிமிர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று நீங்கள் யோசித்தீர்கள். எங்கள் தாத்தாக்களின் துணிச்சலை அத்தனை உயரத்தில் வைத்துப் பார்த்த இன்னொரு வைஸ்ராய் எனக்குத் தெரியவில்லை.

எழுதிய விதமோ அதைவிட நேர்த்தி. ஆயுதம் என்றால் துப்பாக்கி, பீரங்கி என்று நிறுத்தியிருக்கலாம். நீங்கள் நிறுத்தவில்லை. வாள், குத்துவாள், ஈட்டி, ஈட்டியின் முனை, வில், அம்பு வரை தேடித்தேடிச் சேர்த்தீர்கள். ஓவன் மெரிடித் என்ற பெயரில் கவிதை எழுதியவராயிற்றே, ஒரு சொல்லின் எடை தெரியாதா? மீறினால் 3 ஆண்டு சிறை, ஒளித்து வைத்தால் 7 ஆண்டு. வெள்ளைக்காரருக்கு உரிமம் வேண்டாம், இந்தியனுக்கு வேண்டும் என்பதையும் பூசி மெழுகாமல் அப்பட்டமாக விதிகளில் எழுதி வைத்தீர்கள். உங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் இதே பாகுபாட்டை எத்தனையோ அழகான வார்த்தைகளில் மூடினார்கள். உங்களிடம் அந்த மூடுதிரை கிடையாது. அதே மார்ச்சில் வடக்கே தாய்மொழிப் பத்திரிகைகளுக்கும் பூட்டுப் போட்டீர்கள். கையும் வாயும் ஒரே உடம்பைச் சேர்ந்தவை என்று அறிந்து ஆண்டவர் நீங்கள்.

ஒன்பதே வருஷத்தில், 1887இல், சென்னையில் கூடிய காங்கிரஸ் இந்தச் சட்டத்தைத் திருத்தச் சொல்லித் தீர்மானம் போட்டது.  பிறப்பைப் பார்த்து உரிமம் கேட்கும் அந்த விதி 1920 வாக்கில்தான் மாறியது. நாற்பது வருஷம் ஒரு தலைமுறையின் ஆயுசு.

எங்கள் ஊர் வழியாகப் போகும் ரோடு செஞ்சி, திண்டிவனம் தாண்டிப் புதுச்சேரிக்குப் போகிறது. அன்று அது பிரெஞ்சு மண், உங்கள் சட்டம் அங்கே செல்லவில்லை. அங்கே வ.வே.சு. ஐயரிடம் சுடப் பழகிய வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டார். கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங்.

சட்டத்துக்குப் பயந்து நடந்தவன் எங்கள் குடியானவன்தான். காட்டுப்பன்னி கொல்லையைக் கிளறுகிற ராத்திரியில், துப்பாக்கி வேண்டுமென்றால் கலெக்டருக்கு மனு எழுத வேண்டும், எழுதத் தெரிந்தவனைத் தேட வேண்டும். அதற்குள் மல்லாட்டை போய்விடும். அவன் பரண் மேல் ஏறினான். ஒரு கையில் தீப்பந்தம். மடியில் நாலு கூழாங்கல், தோளில் கவண்.

வில்லையும் அம்பையும் விடாத உங்கள் பட்டியலில் அந்தக் கவணின் பெயர் இல்லை.