காயப்போட்ட வயிறு

கல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் என் உடம்புக்கு இரண்டு அரசாங்கம். அம்மா ஆட்சியில் எல்லாமே சூடு. பப்பாளி சூடு, மாம்பழம் சூடு, கண் விழித்து கிரிக்கெட் பார்த்தால் அதுவும் சூடு. எதிர் ஃபிளாட் வங்காளி தாதா (அண்ணன்) ஆட்சியிலோ எல்லாமே குளிர். டிசம்பரில் லேசாகக் காற்று வீசினால் போதும், "டாண்டா லேகே ஜாபே" என்று மங்கி கேப்புக்குள் போய்விடுவார். சளி பிடித்துவிடுமாம். அப்புறம் பிப்ரவரியில்தான் மனிதரின் காது தெரியும். அம்மாவுக்காகக் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறேன், தாதாவுக்காகச் சாயங்காலம் மஃப்ளர் சுற்றுகிறேன். அம்மாவுக்கு வங்காளி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. என் உடம்பு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் மொழிப் பிரச்சினை வந்ததே இல்லை.

போன மழைக்காலத்தில் எனக்கு வயிற்றுப்போக்கு. "வயித்தைக் காயப்போடு. தண்ணி குடிச்சா இன்னும் போகும்" என்றாள் அம்மா. தாதா ஹோமியோபதிப் பெட்டியோடு வந்தார். நான் தயங்கியதும் சரித்திரத்தை எடுத்துவிட்டார். மகேந்திரலால் சர்க்கார் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் எம்.டி. வாங்கியவர், ஹோமியோபதியைக் கிண்டலடித்தவர். 1867-ல் ஊரறிய அந்தப் பக்கமே போய்விட்டார். அதே சர்க்கார்தான் 1876-ல் பௌபஜாரில் விஞ்ஞானச் சங்கம் தொடங்கினார். "உங்க சி.வி. ராமன் எங்கே ஆராய்ச்சி பண்ணினார்? அங்கேதானே?" ராமன் பெயரைக் கேட்டதும் வாய் தானாகத் திறந்தது. நான்கு உருண்டை விழுந்தது. ஒளிச் சிதறலுக்கும் என் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் தெம்பு அப்போது எனக்கில்லை.

வேடிக்கை என்னவென்றால், விஷயம் தெரியாத ஆளில்லை நான். காலரா கிருமியை ராபர்ட் கோக் 1883-ல் தேடி வந்தது இந்த ஊருக்குத்தான். அது உடம்பு நீரைக் குடலுக்குள் இறைப்பது ஒரு நச்சால் என்று 1959-ல் காட்டியவர் இந்த ஊர் சம்புநாத் டே. 1971-ல் பங்களாதேஷ் அகதிகள் பன்காவ் முகாமில் காலராவில் விழ, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டு வர, டாக்டர் திலீப் மகலநாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா கலந்த நீரை டிரம்மில் நிரப்பி, உறவினர்களையே ஊட்டச் சொன்னார். 100-க்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு 4-க்கும் கீழே இறங்கியது. இதையெல்லாம் ஆபீஸ் வினாடி வினாவில் ஒப்பித்து பிரஷர் குக்கர் வாங்கியவன், நாக்கு உலர்ந்து, தண்ணீர்ப் பக்கம் திரும்பாமல் படுத்துக் கிடந்தேன்.

மனைவி உப்பும் குளுக்கோஸும் சேர்ந்த ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டோடு வந்தாள். மகலநாபிஸின் கதையை அவள் யாருக்கும் சொல்லவில்லை. மாமியாரிடம், "குளிர்ச்சிம்மா, உடம்புச் சூட்டை எடுத்துடும்" என்றாள். தாதாவிடம், "இது வங்காளி டாக்டரால பேர் வாங்கின மருந்து" என்றாள். இரண்டு பக்கமும் அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் வெந்நீரில் கலக்க வேண்டும் என்றார் தாதா. வெந்நீர் சூடு என்றாள் அம்மா. கை ஜாடையிலேயே சண்டை வலுத்தது. அதற்குள் மனைவி காய்ச்சி ஆறிய நீரில் கலந்து நீட்டிவிட்டாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு உள்ளே ஓடினேன். ஓடுவதற்கு வேறு காரணமும் இருந்தது.