லாட்ஜ் அண்ணாச்சி

அருப்புக்கோட்டையில் வந்து 'லாட்ஜ் அண்ணாச்சி வீடு எது' என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் காட்டிவிடும். ஆனால் அவருக்கு லாட்ஜ் எதுவும் கிடையாது. நாற்பது வருஷம் நூல் வியாபாரம் பார்த்தார், இப்போது மகன் பார்க்கிறான். கடையை மகனிடம் விட்ட நாளிலிருந்து அண்ணாச்சிக்கு ஒரே வேலைதான். எங்கே பழைய ஓட்டல் இருக்கிறதோ அங்கே போய் ஒரு ராத்திரி தங்க வேண்டும், வரும்போது ஏதாவது ஒன்றைக் கொண்டுவர வேண்டும்.

இந்த வகை மனிதர்கள் இப்போது ஊருக்கு ஒருவர் கிளம்பியிருக்கிறார்கள். முன்பெல்லாம் அறுபது தாண்டினால் காசி, ராமேஸ்வரம் என்று புறப்படுவார்கள். இவர்களுக்குப் பழைய ஓட்டல்தான் ஸ்தலம். நாம் ஒரு ஓட்டலைப் பற்றிப் பேச்செடுத்தால் வாடகை என்ன, சாப்பாடு எப்படி என்று கேட்க மாட்டார்கள். "எந்த வருஷத்துக் கட்டடம்?" என்பார்கள். 1950-க்கு மேல் ஏதாவது சொன்னோமோ, போச்சு. மாப்பிள்ளைக்கு வேலை இல்லை என்று கேள்விப்பட்ட பெண்வீட்டார் முகம் வந்துவிடும்.

அண்ணாச்சி ஓட்டல் அறைக்குள் நுழைவதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். கட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நேரே கதவிடம் போய் விரல் முட்டியால் தட்டுவார். "பர்மா தேக்கு." அடுத்தது சுவரில் இருக்கும் உருண்டைக் கறுப்பு சுவிட்ச். அதைப் போட்டால் 'டக்' என்று சத்தம் வர வேண்டும். வந்தால் இன்னும் நாலு தடவை போட்டு அணைப்பார். வீட்டில் ஃபேன் கிறீச்சிட்டால் எலக்ட்ரீஷியனை உண்டு இல்லை என்று ஆக்குகிறவர், ஓட்டல் ஃபேன் கிறீச்சிட்டால் கண்ணை மூடிக் கேட்பார். வெந்நீர் வரவில்லையா? அந்தக் காலத்தில் ஏது வெந்நீர்க் குழாய், இதுதான் ஒரிஜினல் என்பார். சாப்பாடு வந்ததும் தட்டைத் தூக்கி, அடியில் எந்த நாட்டு முத்திரை என்று பார்க்கும் பழக்கமும் உண்டு. ஒருமுறை அந்தத் தட்டில் சாம்பார் இருந்தது.

மகள் சிங்கப்பூரில் இருப்பது அண்ணாச்சிக்குப் பெரிய வசதி. பேரனைப் பார்க்கப் போகிறேன் என்று போனவர், இறங்கிய மறுநாளே ராஃபிள்ஸ் ஓட்டலில் நின்றார். 1887-ல் பத்து அறை பங்களாவாக ஆரம்பித்தது. நடத்தியவர்கள் சார்க்கீஸ் சகோதரர்கள் என்ற ஆர்மீனியர்கள். பினாங்கு ஈ அண்ட் ஓ, ரங்கூன் ஸ்ட்ராண்ட் எல்லாம் இவர்கள் கைவண்ணமே. 1902-ல் சர்க்கஸிலிருந்து தப்பிய புலி ஒன்று பில்லியர்ட்ஸ் அறைக்கு அடியில் புகுந்துகொள்ள, அங்கேயே சுட்டார்களாம். அண்ணாச்சி இதைச் சொல்லும்போது துப்பாக்கி அவர் கையில்தான் இருக்கும். ஆனால் ராஃபிள்ஸில் அவரை அசத்தியது புலியும் இல்லை, 1915 வாக்கில் இயாம் தோங் பூன் என்ற பார்காரர் கலக்கிக் கொடுத்து உலகப் புகழ் பெற்ற சிங்கப்பூர் ஸ்லிங்கும் இல்லை. (அதன் விலையைக் கேட்டுவிட்டு எலுமிச்சை ஜூஸ் குடித்தார்.) அங்கே லாங் பாரில் மேசைக்கு மேசை தோலோடு கடலை வைத்திருப்பார்கள். உரித்துத் தின்றுவிட்டுத் தொலியைத் தரையிலேயே போடலாம். அத்தனை சுத்தம் பேசும் ஊரில் அது ஒரு பாரம்பரியமாம்.

"நம்ம பஸ் ஸ்டாண்டுல அம்பது வருஷமா இதத்தானப்பா செய்றோம்? ஒருத்தனாவது ஹெரிட்டேஜ்னு போர்டு வச்சானா?" என்று மானாவாரிக் கடலைச் சீமையின் சார்பில் வருத்தப்பட்டார். ராஃபிள்ஸ் கடலைத் தொலி ஒரு கைப்பிடி இன்றும் அவர் வீட்டில் கண்ணாடிக் குப்பியில் இருக்கிறது. பெருக்கிக் கொட்டிவிடாமலிருக்க மேலே சீட்டு ஒட்டியிருக்கிறார்.

சென்னைக்குப் போனால் கன்னிமரா. 1854-ல் இம்பீரியல், 1886-ல் ஆல்பனி, 1890-ல் கன்னிமரா என்று மூன்று பெயர் மாறிய இடம். சென்னை ராஜதானி கவர்னர் கன்னிமராப் பிரபுவின் மனைவி, ஒருநாள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டு கவர்னர் மாளிகையை விட்டிறங்கி இந்த ஓட்டலுக்கு வந்துவிட்டதாகவும், பெயர் அப்படி வந்ததாகவும் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, 1890-ல் அந்த அம்மாள் விவாகரத்து வாங்கியது மட்டும் உண்மை. இதை அண்ணாச்சி மிகுந்த ரசனையோடு சொல்லி முடித்தபோது, காபி கொண்டுவந்த அவர் வீட்டம்மா நின்று கேட்டுவிட்டுச் சொன்னார்: "கவர்னர் பொண்டாட்டிக்குக் கோவம் வந்தா கன்னிமரா. எனக்குக் கோவம் வந்தா திருச்சுழி."

திருச்சுழிதான் அவருக்குப் பிறந்த வீடு. ரமண மகரிஷி 1879-ல் பிறந்த ஊர். எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனவர் பிறந்த ஊரில் பெண் எடுத்தவர், எதையும் விடாமல் எடுத்துக்கொண்டு வருகிறார்.

எடுத்து வருகிறார் என்றதும் தப்பாக நினைக்க வேண்டாம். பெரும்பாலும் கேட்டுத்தான் வாங்குவார். லெட்டர் பேடு, பழைய மெனு அட்டை, தீப்பெட்டி, உடைந்த டீ கெட்டிலின் மூடி. மேனேஜர்கள் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவார்கள், சிலர் கேட்காமலே கொடுத்து அனுப்பிவைப்பார்கள். கேட்காமல் எடுத்தவற்றுக்கு அவரிடம் தனியாக ஒரு நியாயம் உண்டு. மதுரை பசுமலை மேல் ஒரு ஓட்டல் இருக்கிறதே, அது ஒரு காலத்தில் ஹார்வி மில் துரைமார் குடியிருந்த பங்களா. "நம்ம கரிசக்காட்டுப் பருத்திய வாங்கி நூத்துத்தான அவன் பங்களா கட்டுனான்? அப்போ அங்க இருக்குற சாம்பல் கிண்ணத்துல நமக்குப் பங்கு இல்லையா?" அண்ணாச்சிக்கு பீடி சிகரெட் பழக்கமே கிடையாது. ஆனாலும் வீட்டில் மொத்தம் ஒன்பது சாம்பல் கிண்ணம். பேத்தி அவற்றில் மணி, புளியங்கொட்டை, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறாள்.

அதே ஹார்வி மில்லின் வாரிசான மதுரா கோட்ஸுக்காக, இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா கோச்சடையில் கட்டிய கிளப்பும் இப்போது ஓட்டல்தான். கன்னிமராவுக்கு 1970-களில் கட்டடம் சேர்த்தவரும் பாவாதான். கோச்சடையில் கல்லையும் ஓட்டையும் நிழலையும் வைத்து அவர் செய்திருப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கலாம். அண்ணாச்சி உட்கார மாட்டார். பாவா வேலையை எடுத்து வர முடியாது, அதனால் அவருக்கு அந்த இடம் அவ்வளவாகப் பிடிபடவில்லை. என் கணக்கில் அவருடைய ரசனையின் எல்லை அங்கேதான் முடிகிறது: பைக்குள் போனால் அது கலை.

பொக்கிஷத்தில் பெரியது ஒரு டிரங்குப் பெட்டி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழஞ்சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன அல்லவா, அங்கே வாங்கியது. ஒரு காலத்தில் பெரிய ஓட்டல்கள் தங்கியவர் பெட்டியில் கலர் லேபிளை ஒட்டி அனுப்பும். ஓட்டலுக்குச் செலவில்லாத விளம்பரம், பெட்டிக்காரருக்கு ஊர் சுற்றிய கௌரவம். நேப்பிள்ஸ் நகரத்து ரிக்டர் கம்பெனி அச்சடித்த லேபிள்களுக்கு இன்றைக்கும் உலகம் முழுக்க ஆள் அலைகிறது. அண்ணாச்சி பெட்டியில் ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று ஆறு லேபிள். ஏதோ ஒரு செட்டியார் வட்டிக்கடைக்குக் கப்பலேறிய பெட்டி என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் குனிந்து பார்த்தால் ரங்கூன் லேபிளின் ஓரம் லேசாகப் பிய்ந்திருக்கிறது. உள்பக்கம் அடுத்த வருஷத்து தினசரிக் காலண்டரின் ராகு காலம் தெரிகிறது. சிவகாசி நமக்கு வெகு தூரமில்லை என்பதை யாரும் இதுவரை அவரிடம் சொல்லவில்லை. சொன்னாலும், "சிவகாசி அச்சும் நாளைக்குப் பழசாகும்ல?" என்பார்.

நாற்காலிகளும் உண்டு. 1977-ல் எம்.ஜி.ஆர். நின்று ஜெயித்து முதலமைச்சரான தொகுதி அருப்புக்கோட்டை. அதனால் இங்கே பழைய ஓட்டல் நாற்காலி எது விலைக்கு வந்தாலும் அதில் எம்.ஜி.ஆர். உட்கார்ந்திருப்பார். அண்ணாச்சியிடம் மட்டும் அப்படி நாலு இருக்கிறது. இன்னும் வெளியில் எத்தனையோ. கணக்குப் பார்த்தால் அவர் பிரசாரத்துக்கு எழுந்தே நின்றிருக்க முடியாது.

தொட்டி வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். மலைப்பிரதேசத்து ஓட்டல் ஒன்றில் சிங்கக் கால் வைத்த வார்ப்பிரும்புக் குளியல் தொட்டியைப் பார்த்து மயங்கிப்போன அண்ணாச்சி, அதே மாதிரி ஒன்றைக் காரைக்குடியில் பிடித்துவிட்டார். குட்டியானையில் ஏற்றி, துணியைப் போர்த்தி, மானாமதுரை, நரிக்குடி, திருச்சுழி வழியாக வந்தது ஊர்வலம். நரிக்குடி டீக்கடையில் நாலு பேர் எழுந்து நின்று, துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "எந்த ஊருக்குங்க கொண்டு போறீக? வயசானவுகளா?" என்று விசாரித்தார்களாம். ஐஸ் பெட்டி என்று நினைத்துவிட்டார்கள். "ஆமா, நூறு வயசு இருக்கும்" என்று அண்ணாச்சி பெருமையாகச் சொல்ல, கல்யாணச் சாவு என்று டீக்குக் காசு வாங்கவில்லை.

வீட்டில் எட்டு ஆள் சேர்ந்து தூக்கியும் தொட்டி குளியலறைக் கதவுக்குள் நுழையவில்லை. கதவைப் பெயர்ப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே தெருவில் "தண்ணி வருது" என்று சத்தம். எங்கள் ஊரில் வைகையோ தாமிரபரணியோ, குழாயில் வரும் நாள்தான் திருநாள். வீட்டம்மா ஓஸை எடுத்துத் தொட்டிக்குள் போட்டார். பதினைந்து குடம் பிடித்தது. அன்றோடு தொட்டியின் தலையெழுத்து நிர்ணயமாகிவிட்டது. முற்றத்திலேயே நிற்கிறது, மேலே தகர மூடி.

"ஒரே ஒரு தடவை உள்ள படுத்துப் பாக்குறேன்" என்று அண்ணாச்சி கெஞ்சியதற்கு, "குடிக்கிற தண்ணிக்குள்ள காலை வச்சீகன்னா நடக்குறதே வேற" என்று பதில் வந்தது. அதனால் தண்ணீர் தீர்ந்து, அடுத்த முறை வருவதற்குள் இருக்கும் நாட்களில், காய்ந்த தொட்டிக்குள் தலையணை போட்டுப் படுத்துப் பேப்பர் படிக்கிறார். விக்டோரியா காலத்துத் துரைகள் இப்படித்தான் படுத்திருப்பார்கள் என்கிறார். வேட்டியோடு படுத்திருக்க மாட்டார்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் சாயங்காலம் பேச வருவார். ஓட்டல் வாசலில் 'பிராமணாள்' என்று எழுதியிருந்ததை எதிர்த்து, 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியார் நடத்திய மறியலைப் பற்றி மணிக்கணக்காகப் பேசக்கூடியவர். பம்பாய் தாஜ் பிறந்த கதையை அண்ணாச்சி அவருக்கு அளந்துகொண்டிருந்தார். வெள்ளைக்காரருக்கு மட்டும் என்றிருந்த வாட்சன் ஓட்டலில் ஜாம்செட்ஜி டாட்டாவை உள்ளே விடவில்லை, அந்த வீம்பில்தான் 1903-ல் தாஜ் மகால் ஓட்டலைத் திறந்தார் என்று. அது வெறும் செவிவழிக் கதை என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. வாத்தியார் அதற்குள் போகவில்லை. மேசை மேல் கிடந்த ஒரு சாவியை எடுத்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளை வில்லை, அதில் 7 என்று குழித்திருக்கும். சட்டைப்பையில் போட்டால் பை தொங்க வேண்டும், மறந்து கொண்டுபோய்விடக் கூடாது என்பதற்காகவே அந்தக் காலத்தில் அத்தனை கனமாக வைப்பார்கள். அண்ணாச்சி மறந்துபோய்க் கொண்டுவரவில்லை என்பது வாத்தியாருக்குத் தெரியும்.

"அண்ணாச்சி, அந்தக் காலத்துல இந்த ஓட்டல் வாசப்படிய உங்க தாத்தா மிதிச்சிருக்க முடியுமா?"

அண்ணாச்சியின் தாத்தா தறிக்காரர். பாவு நூல் சுமந்து நடந்தே மதுரைக்குப் போனவர். சத்திரத் திண்ணைக்கு மேல் எதையும் கண்டதில்லை.

"முடியாதுல்ல?" என்றார் அண்ணாச்சி. "அதான் சாவியவே எடுத்தாந்துட்டேன்."

வாத்தியார் சாவியைத் திரும்ப வைத்துவிட்டு இன்னொரு காபி கேட்டார். அவர் வாயடைத்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

இந்த வருஷம் பங்குனிப் பொங்கலுக்கு வீடு நிறைய விருந்தாளி. திருச்சுழி மச்சினர் குடும்பத்தோடு வந்திருந்தார். அண்ணாச்சிக்கு அதற்குள் இரண்டு புதுச் சரக்கு வந்திருந்தன. ஒன்று, 'அறையைக் காலி செய்யும் நேரம் பகல் 12 மணி' என்ற எனாமல் பலகை. அதை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் மச்சினர் படுத்திருந்த அறைக் கதவிலேயே மாட்டினார். காலையில் எழுந்த மச்சினர் பலகையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பெஞ்சாதி பிள்ளைகளைப் பார்த்தார். பதினொன்றரைக்கெல்லாம் திருச்சுழி பஸ்ஸில் இருந்தார்கள். கூடவே வீட்டம்மாவும். அண்ணாச்சி எவ்வளவோ சொன்னார், அது 1930-களின் எழுத்து, எழுத்தழகை ரசிக்க வேண்டுமே தவிர அர்த்தத்தைப் பார்க்கக் கூடாது என்று. பஸ் கிளம்பிவிட்டது.

இரண்டாவது சரக்கு, மூடிப்போன ஒரு லாட்ஜின் வருகைப் பதிவேடு. பாதிக்கு மேல் வெறும் பக்கம். பெயர், எங்கிருந்து வருகிறார், எங்கே போகிறார், வந்த நோக்கம், தங்கும் நாட்கள், கையொப்பம். வாசலில் ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறார். யார் வந்தாலும் எழுதிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் 'எங்கே போகிறார்' கட்டத்தில் 'பக்கத்து வீடு' என்று எழுதியிருக்கிறார். சீட்டுக்காரர் நோக்கம்: 'மூன்று மாத பாக்கி'. அதற்குக் கீழே பச்சை மையில் வாத்தியார்: 'காபி'.

எட்டு நாள் கழித்து வீட்டம்மா வந்து இறங்கினார். அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் பதிவேட்டைத் தள்ளி, பேனா மூடியைக் கழற்றிக் கொடுத்தார். அந்த அம்மா பையைக் கீழே வைக்காமல், நின்றபடியே எழுதினார். எங்கிருந்து: திருச்சுழி. நோக்கம்: இன்னைக்குக் குழாயில் தண்ணி. தங்கும் நாட்கள்: தொட்டி நெறயுற வரைக்கும்.

எழுதிவிட்டு ஓஸை எடுக்க உள்ளே போய்விட்டார். அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்துப் பார்த்தார்.

"ஏய், கையெழுத்து விட்டுப்போச்சு!"